பொறியியல் கலந்தாய்வு: கேட்டது கிடைக்காதபோது கல்லூரியை முடிவு செய்வது எப்படி

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வெளியாகிற நாளில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலோ குரோம்பேட்டை வளாகத்திலோ கேட்ட பாடமே கிடைத்தவர்கள் இனிப்போடு வந்து, உடனே கிளம்பிவிடுவார்கள். இரவு வரை உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். முதலில் கேட்ட கல்லூரி இல்லை. தொலைவில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் எந்திரவியல் கிடைத்திருக்கிறது. பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியல் அடுத்த சுற்றில் கிடைக்கக்கூடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று "கட்டணச் சலுகை" என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. மருத்துவக் கலந்தாய்வு வேறு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒதுக்கீட்டை உறுதி செய்ய இருப்பதோ இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் நான் அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்

தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில், எழுத்துமூலமாகக் கையில் இருக்கும் இடங்களை மட்டும் எழுதுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்தது, ஜோசா கலந்தாய்வில் (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கான கலந்தாய்வு) என்.ஐ.டி. ஒதுக்கியது, சேர்க்கைக் கடிதம் கிடைத்தது ஆகியவை இதில் வரும். "சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் பேசிக்கொண்டிருக்கிறார்" என்பது இதில் வராது. இரண்டாவது கட்டத்தில் இன்னும் வர வாய்ப்புள்ளவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் தேதிக்குள் தெரியும் என்றும் எழுதுங்கள். தேதி எழுத முடியாதது வாய்ப்பே இல்லை. மூன்றாவது கட்டத்தில் கைநழுவிப் போனவற்றை எழுதி, எழுதிய கையோடு குறுக்கே கோடு போட்டுவிடுங்கள்.

அந்தக் கோடு முக்கியம். காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த பையன் அதைக் கிண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து அழுகிறான். கிண்டி இப்போது அவன் தாளில் இல்லை. காரைக்குடியை ஒப்பிட வேண்டியது கையில் உள்ள இன்னோர் இடத்தோடு. ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் முகம் தெளிந்துவிடும்.

ரேங்க் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்கள் ஏராளம் என்பதால் அடுத்துக் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் என்று பார்த்துக்கொண்டே போய்ப் பிறந்த தேதி வரைக்கும் வருகிறார்கள். அதுவும் ஒத்துப்போனால் ரேண்டம் எண். நடு ரேங்குகளில் அரை மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். அந்த அரை மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையின் திறமையை எடைபோட எந்தக் கணித ஆசிரியராலும் முடியாது. பெற்றோரும் போட வேண்டாம்.

அந்த ஐந்து பொத்தான்கள்

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இணையதளம் ஐந்து வாய்ப்புகளைக் காட்டும். ஏற்றுச் சேர்வது; ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருப்பது; கிடைத்ததை விட்டுவிட்டு மேலே உள்ளவற்றுக்கு மட்டும் காத்திருப்பது; விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது; கலந்தாய்விலிருந்தே விலகுவது. எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். விதிகளில் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் வரும் என்பதால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வெளியிடும் அந்த ஆண்டுத் தகவல் கையேட்டைப் படித்துவிட்டே கை வையுங்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது இரண்டாவது வாய்ப்பில். "அப்வேர்டு போட்டால் நல்லதுதானே டீச்சர், இருப்பது எங்கே போகப்போகிறது?" என்று கேட்பார்கள். இருப்பது போகும். உங்கள் விருப்பப் பட்டியலில் 14-ஆவது இடத்தில் இருந்த கல்லூரி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய நகர்வு கேட்டால், மேலே உள்ள 13-இல் எது காலியானாலும் உங்களை அங்கே நகர்த்துவார்கள். நகர்ந்த நொடியில் 14-ஆவது வேறொருவருக்குப் போய்விடும். "பழையதே போதும்" என்று பிறகு சொல்ல முடியாது.

ஆகவே அழுத்துவதற்கு முன் அந்த 13 வரிகளையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். "இது கிடைத்தால் கையில் இருப்பதை விட்டுவிட்டுப் போவேனா?" என்று ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். பட்டியலை நிரப்பும்போது பிரவுசிங் சென்டரில் யாரோ சொல்லி நடுவில் நுழைந்த கல்லூரிகள் நான்கைந்து அங்கே இருக்கும். அப்படி ஒன்று 9-ஆவது வரியில் இருந்து, அங்கே போக மனம் இல்லையென்றால், மேல்நோக்கிய நகர்வு உங்களுக்கு ஆபத்து. ஏற்றுச் சேர்ந்துவிடுங்கள். 13-உம் உண்மையிலேயே மேலானவை என்றால் தயங்காமல் காத்திருங்கள். ஏற்றுச் சேர்பவர் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் செலுத்த வேண்டும். மேலே நகரக் காத்திருப்பவர் கலந்தாய்வு உதவி மையத்தில் செலுத்த வேண்டும். இரண்டுக்கும் கெடு உண்டு. கெடு தவறி இடத்தை இழந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பணம் புரட்ட ஒரு நாள் தாமதமானதுதான் காரணமாக இருக்கும். ஒதுக்கீடு வருவதற்கு முன்பே பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்ததை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதை நான் மிக அரிதாகவே பரிந்துரைப்பேன். அடுத்த சுற்றில் உங்களுக்கு முன்னால் புதிதாக யாரும் வரப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் நல்ல இடங்கள் முதல் சுற்றிலேயே பெருமளவு நிரம்பியிருக்கும். கையில் இருப்பதைவிட நல்லது வரும் என்று நம்ப, சென்ற ஆண்டின் சுற்றுவாரியான கட்-ஆஃப் பட்டியலில் உங்கள் இனப்பிரிவுக்கு நேரே ஓர் எண்ணாவது ஆதாரமாக இருக்க வேண்டும்.

ஜோசாவிலும் இதே நடைமுறை ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்ற பெயர்களில் இருக்கிறது. ஸ்லைடு என்றால் அதே நிறுவனத்துக்குள் மட்டும் மேலான பாடத்துக்கு நகர்வது.

பாடமா, கல்லூரியா

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்தின் மேல் உண்மையான ஈடுபாடு இருந்தால் பாடத்தைப் பின்பற்றிப் போகட்டும். ஈடுபாட்டுக்கு அடையாளம் என்ன? பள்ளியிலேயே கணினியில் சிறு நிரல்களை எழுதிப் பார்த்திருப்பான். மிக்சியைப் பிரித்து மோட்டாரைப் பார்த்திருப்பாள். அப்படி எதுவும் இல்லாமல், "எல்லாரும் சி.எஸ். எடுக்கிறார்கள்" என்பது மட்டும்தான் காரணம் என்றால், நன்றாகக் கற்பிக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள், பாடம் இரண்டாவதாக வரட்டும்.

காரணம் சொல்கிறேன். 2024-25 முதல், நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நீக்கிவிட்டது. அதனால் கணினி சார்ந்த இடங்கள் பெருகிவிட்டன. இடங்கள் பெருகிய வேகத்தில் ஆசிரியர்கள் பெருகவில்லை. கணினி அறிவியல் என்ற பெயர் கிடைப்பது எளிதாகிவிட்டது. கணினி அறிவியலைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பறை கிடைப்பது எளிதாகவில்லை. மறுபக்கம், பெரிய மென்பொருள் நிறுவனங்கள் நல்ல கல்லூரிகளுக்கு வரும்போது மின்னியல், மின்னணுவியல், எந்திரவியல் மாணவர்களையும் தேர்வு எழுத அனுமதிக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த மின்னியல் மாணவிக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. மின்வாரியம், பொதுப்பணித்துறை, டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள், கேட் தேர்வு வழியாக எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவையும் கூடுதலாக அவளுக்கு இருக்கின்றன. அங்கே சிவில், மின்னியல், எந்திரவியல் படித்தவர்களைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

பழைய அரசுக் கல்லூரிகளை நம் பிள்ளைகள் ஏனோ குறைத்து மதிப்பிடுகிறார்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-இலும், காரைக்குடி அழகப்பா கல்லூரி 1952-இலும், சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி 1966-இலும், திருநெல்வேலியில் உள்ளது 1981-இலும் தொடங்கியவை. கட்டடம் பளபளப்பாக இருக்காது. ஆனால் பல தலைமுறை முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் அவர்கள் இருப்பது பெரிய பலம். கட்டணமும் சுயநிதிக் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அரசு உதவி பெறும் கல்லூரிகளான மதுரை தியாகராசர், கோவை பி.எஸ்.ஜி., கோவை சி.ஐ.டி. போன்றவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே வளாகத்துக்குள் சில பாடங்கள் உதவி பெறுபவை, சில சுயநிதிப் பாடங்கள். பாடத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதி. கட்டணம் வேறு. கல்லூரி ஒன்றுதானே என்று நினைத்துச் சேரப்போய், கட்டணம் செலுத்தும் இடத்தில் அதிர்ந்து நின்ற பெற்றோர் உண்டு.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று புதுப் பெயர்கள் வந்திருக்கின்றனவே, அவற்றை எடுக்கலாமா? பெயரைப் பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி மூன்றாம் பருவத்திலிருந்து ஆறாம் பருவம் வரை உள்ள தாள்களைக் கணினி அறிவியலின் தாள்களோடு அருகருகே வைத்துப் பாருங்கள். தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய நான்கும் இருக்கின்றனவா? இருந்தால் அச்சமில்லாமல் எடுக்கலாம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

கல்லூரியைச் சோதிப்பது

தினசரியில் முழுப்பக்க விளம்பரம், பேருந்து நிலையத்தில் பதாகை, "100 சதவீத வேலைவாய்ப்பு" ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். நீங்களே பார்க்கக்கூடிய ஆதாரங்கள் இருக்கின்றன.

அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுகளுக்குப் பின் இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து பருவங்களைச் சேர்த்துப் பாருங்கள். தொடர்ந்து கீழேயே இருக்கும் கல்லூரியில், உங்கள் பிள்ளை மட்டும் தனியாக நன்றாகப் படித்துவிடும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் தயாரித்துத் தாங்களே திருத்துபவை என்பதால், அவற்றின் விழுக்காட்டை மற்றவற்றோடு நேராக ஒப்பிடக் கூடாது.

என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத் தரப்படுவது; நாக் அங்கீகாரம் நிறுவனத்துக்குத் தரப்படுவது. "எங்கள் கல்லூரி என்.பி.ஏ. பெற்றது" என்று யாராவது சொன்னால், "நான் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும்?" என்று கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஓர் ஆவணம் இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் சமர்ப்பித்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வைக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கே ஆண்டில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலை ஊதியம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கும். உதாரணமாக, 600 பேர் சேர்ந்து 400 பேர் உரிய காலத்தில் முடித்து 200 பேருக்கு வேலை கிடைத்திருந்தால், விளம்பரம் எதைச் சொன்னாலும் மூன்றில் ஒருவருக்குத்தான் வேலை. இடைநிலை ஊதியம் என்பது எல்லாரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஊதியம். விளம்பரத்தில் வரும் "அதிகபட்ச ஊதியம்" ஒரே ஒருவருடையது. நம் பிள்ளை நடுவில் நின்றால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைப் பார்த்து இரண்டு கல்லூரிகள் வரை குறைத்த பிறகு நேரில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சேர்க்கை விழா நடக்கும் நாளும் வேண்டாம். வேலை நாளில், பிற்பகலில், செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். வரவேற்பறையில் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். குடித்துவிட்டு, "நாங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

என் மாணவி ஒருத்தியோடு இரண்டு கல்லூரிகளுக்குப் போயிருந்தேன். இரண்டிலும் மின்னணுவியல் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கருவிகள்தான். முதல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரின் ரெக்கார்டு நோட்டுகளை வாங்கிப் புரட்டினேன். டயோடு சோதனையின் அட்டவணை எல்லா நோட்டிலும் இரண்டாம் தசமம் வரை ஒரே எண்கள். வரைபடத்தாளில் கோடும் ஒரே இடத்தில் வளைந்திருந்தது. ஒரு மில்லிவோல்ட்கூட மாறாமல் நாலைந்து மேசைகளில் ஒரே அளவு வராது. ஒருவர் எடுத்ததை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அல்லது யாருமே எடுக்கவில்லை. இரண்டாவது கல்லூரியில் நோட்டுக்கு நோட்டு எண்கள் மாறின. ஒரு பெண் இரண்டு அளவுகளை அடித்துத் திருத்தி, "கம்பி தளர்வு, மறுபடி எடுத்தது" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் தேதியோடு கையெழுத்திட்டிருந்தார். என் மாணவி அந்தப் பென்சில் வரியை மறுபடி படித்துவிட்டு, "இங்கேயே சேர்ந்துவிடுகிறேன் டீச்சர்" என்றாள். கட்டடம் முதல் கல்லூரியில்தான் அழகாக இருந்தது.

பேச வேண்டியது மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம். முதலாமாண்டு பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. இறுதியாண்டினர் வேலைக் கவலையில் இருப்பார்கள். கல்லூரியே அனுப்பி வைக்கும் மாணவர் வேண்டாம். உணவகத்திலோ பேருந்து நிற்கும் இடத்திலோ பாருங்கள். "கல்லூரி நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். போன பருவத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் யாராவது நடுவில் வேலையை விட்டுப் போனாரா? உங்கள் வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? கட்டணத்தைத் தவிர வேறு எதற்கெல்லாம் பணம் கேட்டார்கள்? தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவத்தில் எப்படிச் சமாளித்தார்கள், யாராவது உதவினார்களா? என் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. கேலி செய்து ஓர் ஓரமாக உட்கார வைக்கும் துறையில் நல்ல மாணவர்கூடச் சுருங்கிப்போவார்.

கழிப்பறையையும் விடுதிச் சமையலறையையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நான்கு ஆண்டுக் கணக்கு

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்தை விட வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியே சேர்பவர்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்தபடி, அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், மற்றவற்றுக்கு 50,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 87,000, 85,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கான உத்தரவைச் சரிபார்த்து, அதை நான்கால் பெருக்குங்கள். பிறகு பேருந்து அல்லது விடுதி, தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி ஆகியவற்றைச் சேருங்கள். கேட்கும் தொகைக்கெல்லாம் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் பணம் நன்கொடை. அதை வாங்குவதைத் தடைசெய்து 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்துங்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அந்தப் பிரிவில் சேர்பவருக்குத்தான் இந்தச் சலுகை. ஒதுக்கீட்டு ஆணையில் எந்தப் பிரிவு என்று இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு "இன்னும் நல்ல பாடம்" என்று நிர்வாக ஒதுக்கீட்டுக்கோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கோ போனால் இந்த மூன்றும் போய்விடும். பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பட்டியலின மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

கடன் வாங்க வேண்டியிருந்தால் கணக்கு போட்டுவிட்டு வாங்குங்கள். கலந்தாய்வு வழிக் கல்லூரிக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் 2,20,000. வேறொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7,80,000. ஏறத்தாழ 8 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 10,570 ரூபாய். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கூடும். அந்த 10 லட்சக் கல்லூரியின் இடைநிலை ஊதியம் இந்தத் தவணையைத் தாங்குமா? தாங்கும் என்று அவர்களுடைய ஆவணமே காட்டினால் வாங்குங்கள். நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் படிக்கும் பிள்ளை ஒரு தாளில் தோற்றாலும் நிம்மதியாக உறங்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசி அழைப்புகள்

எண் எப்படிக் கிடைத்தது என்றே தெரியாது. ஒதுக்கீடு வந்த அன்றே அழைப்பு வரும். "இன்றைக்கே முன்பணம் கட்டினால் இடம், நாளைக்கு இல்லை" என்பார்கள். இன்று மட்டுமே இருக்கும் இடத்தை நாளைக்கும் அதே குரலில் விற்பார்கள். அசல் சான்றிதழ்களைத் தேவையில்லாமல் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. இடத்தைக் கைவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் விதிகள் உண்டு. விலகும் தேதியைப் பொறுத்துத் தொகை குறையும் என்பதால், விலகுவதாக இருந்தால் உடனே எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

மருத்துவத்துக்கோ கால்நடை மருத்துவத்துக்கோ காத்திருப்பவர்கள்

கையில் ஒரு பொறியியல் இடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். வெறுங்கையோடு காத்திருக்க வேண்டாம். பொறியியலுக்காக மட்டும் ஓராண்டு வீட்டில் உட்கார நினைப்பவர்களுக்கு: அடுத்த ஆண்டும் அதே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கட்-ஆஃப் ஆகும். உட்கார்ந்திருப்பதால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. நீட், ஜே.இ.இ. மறுபடி எழுத நினைப்பவர்களின் நிலை வேறு. முதல் முறை எடுத்த மதிப்பெண்ணுக்கும் தேவையான மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பாடவாரியாக எழுதி, அந்தத் தூரத்தை எந்தப் பாடத்தில் எப்படிக் கடக்கப்போகிறீர்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுத முடியவில்லையென்றால் சேர்ந்துவிடுவது மேல்.

பெண் பிள்ளையும் தூரமும்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணனுக்குக் கோவை, தங்கைக்குப் பக்கத்து ஊர் என்று முடிவாகும் வீடுகள் இன்னும் நிறைய. கூடுதல் மதிப்பெண் எடுத்தவள் தங்கையாக இருப்பாள். "பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடலாமே" என்பார்கள். தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனால் எப்போது படிப்பாள்? பயம் நியாயமானதுதான், அதைப் போக்க வழி இருக்கிறது. தாயை அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போங்கள். காப்பாளரிடம் பேசுங்கள். இரவு உடல்நலம் கெட்டால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள் என்று கேளுங்கள். அங்கே தங்கியிருக்கும் நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தியின் அம்மாவிடம் போனில் பேசுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் அது வேறு. பார்க்காமலேயே "பெண் பிள்ளை, தூரம் வேண்டாம்" என்று அவளுக்குக் கிடைத்த இடத்தைக் குறைக்காதீர்கள். என்னிடம் வரும் அப்பாக்களிடம் இதை நான் எழுந்து நின்றே சொல்வேன்.

முடிவெடுத்த பிறகு

பத்தாம், பதினொன்றாம் (பொதுத்தேர்வு எழுதியவர்களுக்கு), பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தேவையானவர்களுக்கு வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, ஒதுக்கீட்டு ஆணை, ஆதார், புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நகல்கள் எடுத்து, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். சான்றிதழ்களில் பெயரின் எழுத்து வேறுபட்டிருந்தால் சேரும் நாளுக்கு முன்பே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கும். முதலாண்டில் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி அணிகளும் நுண்கணிதமும் வரும். நிறையப் பேர் முதல் அரியரை வாங்குவது கணிதத் தாளில்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் அணிகளும் அணிக்கோவைகளும் இருக்கின்றன. தொகுதி இரண்டில் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் இருக்கின்றன. விடை பார்க்காமல் தினமும் பத்துக் கணக்குகள் போடுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். மாலை ஐந்து மணி வரை நான் அங்கேதான் இருப்பேன்.